பல்லில் ஒட்டாத மெழுகு

வெள்ளையன் இறந்த செய்தியை அவருடைய தம்பிதான் கொண்டு வந்தார். மலைமேல் நெல்லிவாசலிலிருந்து ஒடுகத்தூர் வரை நடந்து, அங்கே பஸ் பிடித்திருக்கிறார். இடக்கையால் மெழுகுப் பொட்டலத்தை நீட்டி, "அண்ணன் போய்ட்டாரு சிஸ்டரம்மா. காய்ச்சல்தான். இத உங்ககிட்ட குடுக்கச் சொன்னாரு" என்றார். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

நம் ஆபரேஷன் தியேட்டரில் வேலை பார்த்த உங்கள் எல்லோருக்கும் வெள்ளையனைத் தெரியும். மண்டையோட்டைத் திறக்கும்போது எலும்பின் விளிம்பில் கசியும் ரத்தத்தை மெழுகு வைத்துத்தான் அடைப்போம். வெளிநாட்டு மெழுகு கிடைக்காத வருஷங்கள் அவை. மலைத் தேனடையிலிருந்து அவர் உருக்கிக் கொண்டுவந்ததில் நல்லெண்ணெயும், கிருமி அண்டாமலிருக்கக் கொஞ்சம் பீனாலும் சேர்த்து நான்தான் காய்ச்சுவேன்.

ஒவ்வொரு முறையும் என் எதிரிலேயே ஒரு கிள்ளு எடுத்து மெல்லுவார். "இன்னா சிஸ்டரம்மா, மெழுகு துன்றானேன்னு பாக்கறீங்களா? பல்லுல ஒட்னா எலும்புல நிக்காதுங்க."

ஒரு வருஷம், புளி உலுக்கும் காலத்தில் மெழுகு டப்பா காலி. அவர் வரவில்லை. கடைத்தெருவில் வாங்கிக் காய்ச்சினேன். வாயில் போட்டுப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. அந்த வாரமே, புளியமரத்திலிருந்து விழுந்து மண்டையில் அடிபட்ட அவருடைய தம்பியை ஜீப்பில் கொண்டுவந்தார்கள். ஈர எலும்பில் மெழுகு நிற்காமல் உதிர்ந்தது. டாக்டர் பஞ்சை வைத்து அழுத்தினார். ரத்தத்தை உறையவைக்க இருந்த ஒரே ஜெலாட்டின் பஞ்சுத் துண்டையும் வைத்தார். தொடைத் தசையில் சிறிது எடுத்து நசுக்கி வைத்தார். ரத்தம் நிற்க வெகுநேரம் ஆயிற்று. உயிர் தங்கியது, வலக்கை திரும்பவில்லை. அடிபட்டதால்தான் என்றார் டாக்டர். எனக்கு இன்றுவரை தெரியாது.

வெளியே வந்து, ஜீப்பில் கூடவே வந்திருந்த வெள்ளையனிடம் மீந்த மெழுகைக் காட்டினேன். மென்றார். பல்லை விரலால் சுரண்டினார்.

"கடை மெழுகுங்களா?"

தலையசைத்தேன்.

"வூட்ல ஒரு உருண்ட இருந்துச்சுங்க. புளி முடியட்டும், அப்புறம் போலாம்னு நான்தான் இருந்துட்டேன். என் தப்புதாங்க."

இல்லை, என் தப்பு என்று நான் சொல்லவில்லை.

அடுத்த வருஷத்திலிருந்து புளிக்கு முன்பே வந்துவிடுவார். கால் வீங்கியிருந்த வருஷமும் வந்தார். கம்பெனி மெழுகு தாராளமாகக் கிடைக்கத் தொடங்கிய பிறகும் வந்தார். வேண்டாம் என்று சொன்னால் அந்த நாளைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும். வாங்கி அலமாரியில் வைத்துக்கொண்டேன்.

இதை உங்களில் யாரிடமும் நான் சொன்னதில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவருக்கு அத்தனை வருஷ நடை மிச்சமாகியிருக்கும். அவரிடமிருந்து எனக்கென்று தங்கியிருப்பது அவர் சுமந்த பழிதான். அது முதலிலிருந்தே என்னுடையது.