ஆளுக்கொரு மாடு

அண்ணன் பி.யு.சி.யில் வேதியியலை மட்டும் கோட்டை விட்டுவிட்டு ஊருக்கு வந்திருந்த ஆடி மாதம் அது. "செப்டம்பர்ல பாஸ் பண்ணு, இல்லன்னா ஏரைப் புடி" என்று அப்பா சொல்லிவிட்டார். ஏருக்குப் பயந்த அண்ணன், காற்று வருகிறது என்று மாட்டுக்கொட்டகையிலேயே உட்கார்ந்து படித்தான். அயானிக், போலார் கோவேலன்ட், நான்-போலார் கோவேலன்ட் என்று அணுப் பிணைப்பு வகைகளை அவன் பகலெல்லாம் முணுமுணுத்ததில் எனக்கே அது மனப்பாடமாகிவிட்டது. அர்த்தம்தான் தெரியாது. அவனுக்கும் தெரியாது என்பது என் சந்தேகம்.

எங்களுக்கு இருந்தது ஒரே ஒரு மாடு. பாகம் பிரித்தபோது, இருந்த ஜோடியை அப்பாவும் சித்தப்பாவும் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டார்கள். ஒற்றை மாட்டை வைத்துக்கொண்டு யாரும் உழ முடியாதே! அதனால் உழவுக்கு மட்டும் இரண்டையும் ஒரே நுகத்தில் பூட்டி, இரண்டு வீட்டு நிலத்தையும் உழுவார்கள். திருப்புலிவனத்துப் பக்கம் எங்கள் மேட்டு நிலங்கள் அடுத்தடுத்து இருந்தன. அங்கே மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை போட, மழை பெய்த ஈரம் காய்வதற்குள் உழுதாக வேண்டும். மூத்தவர் என்ற உரிமையில் அப்பாவின் நிலம்தான் எப்போதும் முதலில். சித்தப்பாவின் முறை வருவதற்குள் மண் இறுகிவிடும். போன வருஷம் அவர் விதைத்ததில் பாதிகூட முளைக்கவில்லை. அப்போதும் அவர் வாய் திறக்கவில்லை.

அந்த வருஷம் நல்ல மழை பெய்தது. அன்று சாயங்காலமே உழவைப் பற்றிப் பேசச் சித்தப்பா வந்தார். கொட்டகையில் அண்ணனைப் பார்த்ததும் நின்றார்.

"இன்னாடா, பூசாரி மாதிரி முணுமுணுத்துக்கினு கீற? எனக்கும் புரியிற மாதிரி சொல்லேன்."

அண்ணன் திருதிருவென்று முழித்தான். பிறகு மாட்டைப் பார்த்தான். அதற்கப்புறம் அவனைப் பிடிக்க முடியவில்லை.

"ரெண்டு அணுவும் ஆளுக்கொரு எலக்ட்ரான் போட்டு ஜோடியாக்கிக்குது சித்தப்பா, நம்ப மாடுங்க மாதிரி. அந்த ஜோடிய ரெண்டும் சரிசமமா வச்சிக்கினா நான்-போலார். ஒண்ணு மட்டும் தன் பக்கமா இழுத்துக்கினு இருந்தா போலார். ஒண்ணு தன்னுத சுத்தமா குடுத்து, இன்னொண்ணு வாங்கிக்கினா அயானிக். உப்பு அந்த ரகம்."

"அப்ப நம்ப மாடுங்க எதுல சேர்த்தி?"

"போலார்தான். எங்க வூட்டுப் பக்கம் இழுத்துக்கினு கீது இல்ல?"

முதல் தடவையாகப் பாடம் புரிந்துவிட்ட பூரிப்பில், பின்னால் அப்பா வந்து நிற்பதை அவன் கவனிக்கவில்லை. அப்பாவின் முகம் கறுத்துவிட்டது. சித்தப்பா லேசாகச் சிரித்தார். உழவுப் பேச்சையே எடுக்காமல் திரும்பிப் போனார்.

"அண்ணன் தம்பி நடுவுல உன் பாடத்தக் கொண்டாந்து வச்சியே, இனிமே அவரு இந்த வாசப்படி மெதிப்பாரா?" என்று அம்மா அண்ணனை வறுத்தெடுத்தாள். எனக்கும் பயமாகிவிட்டது. சித்தப்பா என்றால் எனக்கு உயிர்.

விடிந்ததும் அவர் வந்தார். தன் மாட்டை ஓட்டி வந்து எங்கள் கொட்டகையில் கட்டினார்.

"இழுத்துக்கினே கெடக்கறதுக்கு, இது இங்கியே இருக்கட்டும்ண்ணா. இனிமே ரெண்டும் உன்னுது" என்றார். குரலில் கோபமே இல்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

எனக்கு ஒரே கொண்டாட்டம். ஒன்று இரண்டாகிவிட்டது! சித்தப்பா இப்படி ஓர் ஏமாளியாக இருக்கிறாரே என்றும் பாவமாக இருந்தது. அப்பாவோ நாஷ்டாவைத் தொடவில்லை. இரண்டு மாட்டையும் பூட்டிக்கொண்டு, எங்கள் நிலத்தைத் தாண்டி, தம்பியின் நிலத்தில் போய் இறங்கினார். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் அங்கேதான் முதல் உழவு.

"மாடு நம்பளுது, அவங்களுக்கு ஏன் மொதல்ல உழறாரு?" என்று அண்ணனைக் கேட்டேன்.

"இப்பதான் அயானிக் ஆயிருக்குது. குடுத்ததும் வாங்கினதும் ஒண்ண ஒண்ணு கெட்டியா புடிச்சிக்கும்" என்றான். செப்டம்பரில் அவன் பாஸ் பண்ணியதில் ஆச்சரியம் இல்லை.

சித்தப்பா மாட்டை விட்டுப் போன அன்று, உச்சி நேரத்துக்கு அப்பாவுக்குக் கூழ் கொண்டுபோனது நான்தான். சித்தப்பாவின் நிலத்தில் ஏரைப் பிடித்தபடி வந்துகொண்டிருந்தார். முகமெல்லாம் ஈரம். பாவம், வியர்த்துக் கொட்டுகிறது என்று ஓடிப்போய்த் துண்டை எடுத்துக் கொடுத்தேன். வானம் மூடி, மழைக்காற்று சில்லென்று அடித்துக்கொண்டிருந்தது. அந்தக் குளிரில் ஒருவருக்கு எப்படி வியர்க்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.