பழஞ்செருப்புப் புகை

"...புகை போட்டப்பறம்தான் கை இன்னும் இறுகிச்சி டாக்டரு. உள்ள ஒண்ணும் இல்லன்னா அது இன்னாத்துக்குப் பயப்படணும்?"

ஒடுகத்தூர் டாக்டரிடம் இப்படி வாதாடியவர் என் அக்காவின் மாமியார், எனக்கு அத்தை முறை. அவர் பேச்சு எனக்கு எப்போதும் பிடிக்கும். மழை வரப்போகிறது என்று வெறுமனே சொல்லமாட்டார், "மலை முக்காடு போட்டுக்கிச்சி" என்பார். அன்றைக்கு மட்டும் அந்தக் குரலைக் கேட்கவே பிடிக்கவில்லை. என் சட்டையில் செருப்பு கருகிய நாற்றம் இன்னும் போகவில்லை.

அக்காவுக்குக் கழுத்தில் கழலை. பட்டணத்து ஆஸ்பத்திரியில் அதை அறுத்தெடுத்தபின் மலைமேல் நெல்லிவாசலுக்குத் திரும்பியவள், சில வாரத்தில் உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்கிறது என்றாள். பிறகு விரல்கள் சோற்றுக் கவளம் பிடிப்பதுபோல் கூம்பி இறுகிவிட்டன. ஆஸ்பத்திரிப் பிணவறையிலிருந்து ஏதோ கூடவே வந்துவிட்டது என்று அத்தை சொல்லிவிட்டார். கதவைச் சாத்தி, சட்டியில் பழஞ்செருப்பு, தலைமயிர், காய்ந்த மிளகாய் போட்டுக் கொளுத்தி அவள் மூக்கடியில் பிடித்தார்கள். செருப்புத் தோல் குமிழிவிட்டுக் கருகியது. அக்கா நாய்போல் இரைத்தாள், வாயில் கோழை வழிந்தது. இரைக்க இரைக்கக் கை முறுக்கிக்கொண்டது. சுற்றி நின்றவர்கள் முகத்தில் அப்படியொரு திருப்தி. புகையைவிட அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. புளிமூட்டை ஏற்றிய ஜீப்பில் அவளைத் தூக்கிப் போட்டுக்கொண்டு ஒடுகத்தூருக்கு இறங்கினேன். அத்தையும் ஏறிக்கொண்டார்.

டாக்டர் நரம்பில் மெதுவாக ஊசி ஏற்றினார். விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. கழுத்துச் சுரப்பிக்குப் பின்னால் பயறளவில் சின்னச் சுரப்பிகள் இருக்குமாம். அவற்றில் ஊறும் ஹார்மோன்தான் ரத்தத்தில் கால்சியம் இறங்காமல் பார்த்துக்கொள்ளுமாம், குறைந்தால் எலும்பிலிருந்து எடுத்துக் கொடுக்குமாம். கழலையோடு அவையும் போய்விட்டன. புகையில் மூச்சு இரைத்ததால்தான் இறுக்கம் கூடியது என்றார். இனி ஆயுசுக்கும் மாத்திரை, விட்டால் உயிருக்கே ஆபத்து.

அவர் சொல்லிவிட்டார். ஆனால் மலையேறிய பிறகு அத்தை சரி என்று சொல்லாமல் அந்த வீட்டில் அக்கா தண்ணீர்கூடக் குடிக்கமாட்டாள்.

"அப்போ நாங்கதான் அவள சாவடிக்கப் பாத்தமா?" என்று கேட்டார் அத்தை. டாக்டர் மேசைமேல் எடுத்துவைத்திருந்த வெள்ளை மாத்திரையை எடுத்து, வெற்றிலைச் சாறு வழியும் தன் வாயில் வைத்துக் கடித்துச் சப்பினார். டாக்டர் முகத்தைச் சுளித்தார். எச்சிலில் சிவந்துபோன மிச்சத்தை அத்தை அக்காவின் நாக்கில் வைத்து, அவள் விழுங்கும்வரை தாடையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.