மறுபடி ஓட்டினாலும் அதே ஆள்

தைனானில் உள்ள ஒரு வேளாண் ஆய்வு நிலையத்தில் ஷியாவ் பெய்-ஜென் இருபத்தொரு வருடமாகப் புள்ளியியல் அலுவலர். இதற்குள் மூன்று இயக்குநர்களையும் ஒரு கணவரையும் மாற்றிவிட்டார். கணக்குப் போடும் கணினி மொழியை மட்டும் மாற்றவில்லை. 'ஆர்' என்று ஒற்றை எழுத்தில் பெயர் வைத்துக்கொண்ட மொழி அது. வட்டாரத்து மாமரங்கள் எத்தனை டன் காய்க்கும் என்று அதில்தான் கணிப்பார். படத்தைப் பார்த்தே பழம் பழுத்ததா என்று சொல்லும் செயற்கை நுண்ணறிவு ஒன்றையும் அதில்தான் பழக்கி வைத்திருந்தார். அது ஒருமுறை விருந்தில் குடித்துச் சிவந்திருந்த இயக்குநர் யூவின் படத்தைப் பார்த்துவிட்டு, "தொண்ணூற்றொரு சதவீதம் பழுத்தது, உடனே பறிக்கவும்" என்றது. அது தவறான கணிப்பு என்று நிலையத்தில் ஒருவரும் சொல்லவில்லை.

நேர்மை அவருக்கு ஒரு வியாதி. சோறு வெந்துவிட்டதா என்று கேட்டால்கூட, "பெரும்பாலும்" என்றுதான் பதில் வரும். அப்படிப்பட்டவருக்குத் திருடி என்ற பட்டம் கிடைத்தது போன வருடக்கடைசி விருந்தில்.

அந்த விருந்தில் பரிசுக் குலுக்கல் உண்டு. வெகுகாலமாக நிர்வாகப் பிரிவுத் தலைவி ஃபாங் ஷூ-ஹுவெய் கொண்டுவரும் சிவப்பு அட்டைப்பெட்டியில் கைவிட்டுத்தான் சீட்டு எடுப்பார்கள். போன வருடம் இயக்குநருக்குத் திடீரென்று நவீனம் பிடித்தது. "பெய்-ஜென், நீ கம்ப்யூட்டர்ல குலுக்கு" என்றார்.

பெய்-ஜென் குலுக்கினார். அந்த மொழிக்காரர்களுக்கு ஓர் ஆசாரம் உண்டு: தற்செயலாக ஒரு பெயரை எடுக்கச் சொல்லும் முன் ஒரு தொடக்க எண் கொடுத்துவிடுவார்கள். விதை எண் என்று பெயர். அதே விதையைப் போட்டால் எத்தனை முறை ஓட்டினாலும் அதே பெயர் வரும். ஆகவே யாரும் சரிபார்த்துக்கொள்ளலாம். பெய்-ஜென் 123 என்று போட்டார். முதல் பரிசான அறுபத்தைந்து அங்குல டிவி ஷியாவ் பெய்-ஜென்னுக்கு விழுந்தது.

அதோடு விட்டிருந்தால் கைதட்டி முடித்திருப்பார்கள். அவர் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டார்.

"யாருக்காவது சந்தேகம் இருந்தா, இதோ மறுபடி ஓட்டுறேன்." ஷியாவ் பெய்-ஜென். "இன்னொரு தடவை." ஷியாவ் பெய்-ஜென். ஐந்தாவது தடவை முகம் முழுக்கப் பெருமிதத்தோடு சபையைப் பார்த்தார். "பாத்தீங்களா? மாறவே மாறாது!"

"அதத்தான்டி நாங்களும் சொல்றோம்" என்ற ஃபாங், மேசையில் இருந்த முழுக்கோழித் தட்டைத் திருப்பி, அதன் தலை பெய்-ஜென்னைப் பார்க்கும்படி வைத்தார். விருந்தில் கோழித்தலை யாரைப் பார்க்கிறதோ அவர் வேலைக்கு உலை என்று அங்கே அர்த்தம்.

மறுநாளே பெய்-ஜென் டிவியைக் கொண்டுபோய் உணவுக்கூடத்தில் மாட்டினார். குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டாள் என்றார்கள். மாங்காய்க் கணிப்பை வெளியிட்டார். "இதையும் முன்னாடியே முடிவு பண்ணிட்டீங்களாம்மா?" என்று விவசாயிகள் தொலைபேசியில் கேட்டார்கள். கணிப்பு அப்படியே பலித்ததும் சந்தேகம் உறுதியாகிவிட்டது.

இந்த வருடம் யார் குலுக்குவது என்று கூட்டம் போட்டார்கள். "பெட்டியை எடுத்தீங்கன்னா நான் திருடின்னு நீங்களே எழுதிக் கொடுத்த மாதிரி, சார்" என்றார் பெய்-ஜென். இயக்குநர் யூ எந்தப் பிரச்சினையையும் தன் மேசையிலிருந்து கீழே தள்ளிவிடுவதில் தேர்ந்தவர். விருந்தே பூமித் தாத்தா சாமிக்கு நன்றி சொல்லத்தானே, விதை எண்ணை அவரே சொல்லட்டும் என்று தீர்ப்பளித்தார்.

"தாத்தா எண் கொடுத்தா நீ குலுக்கு. கொடுக்கலன்னா என் பெட்டி" என்றார் ஃபாங்.

விருந்துக்கு முந்தின நாள் மதியம், கார் நிறுத்துமிடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னக் கோயிலில் நிலையமே கூடியது. ஓர் எண்ணைச் சொல்லி, ஒருபுறம் தட்டையாகவும் மறுபுறம் புடைத்தும் இருக்கும் இரண்டு பிறைக்கட்டைகளைத் தரையில் போட வேண்டும். ஒன்று நிமிர்ந்து ஒன்று கவிழ்ந்தால் தாத்தா சரி என்கிறார். இரண்டும் கவிழ்ந்தால் மறுக்கிறார். இரண்டும் நிமிர்ந்தால் சிரிக்கிறார். தொடர்ந்து மூன்று சரி வந்தால்தான் எண் செல்லும்.

123 என்றார் பெய்-ஜென். மறுப்பு. கணினிக்காரர்களுக்குப் பிடித்த 42 என்றார். சிரிப்பு. இயக்குநரின் கார் எண்ணைச் சொன்னார். பலத்த சிரிப்பு, ஒரு கட்டை உருண்டு போய் இயக்குநரின் காலில் முட்டியது. பத்தொன்பதாவது எண்ணில் பெய்-ஜென் படையல் மேசையில் ஆரஞ்சுகளை ஒதுக்கிவிட்டு மடிக்கணினியைத் திறந்தார். முப்பத்தொன்றாவது எண்ணும் போனதும் எழுந்து நின்றார்.

"ஒரு வீச்சுல சரி விழ பாதிக்குப் பாதி வாய்ப்பு. மூணும் சேர்ந்தா எட்டுக்கு ஒண்ணாவது தேறணும். முப்பத்தொண்ணும் தேறாம போறதுக்கு நூத்துக்கு ரெண்டுகூட வாய்ப்பில்ல. கட்டையில கோளாறு."

"மனசுல கோளாறு!" என்று கத்தினார் ஃபாங். கட்டைகளைப் பிடுங்கி நெற்றியில் ஒற்றிக்கொண்டார். "தாத்தா, எண்ணை விடுங்க. போன வருஷம் இவ ஏமாத்தினாளா?"

இரண்டும் கவிழ்ந்தன. இல்லை.

ஃபாங் மறுபடி போட்டார். இல்லை. மூன்றாவது முறை போட்டார். இல்லை.

இயக்குநர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பெய்-ஜென், சாமியே சொல்லிட்டாரு. நீ நிரபராதி" என்றார்.

"அதெப்படி சார்?" என்றார் நிரபராதி. "மூணே மூணு வீச்சு. இத வச்சு எதையும் சொல்ல முடியாது. அதுவும் கோளாறான கட்டை. குறைஞ்சது ஐந்நூறு தடவை போடணும்."

"உனக்குச் சாதகமாத்தானடி வந்திருக்கு!"

"அதனாலதான் அக்கா இன்னும் ஜாக்கிரதையா இருக்கணும். போடுங்க."

ஃபாங் போட்டார், பெய்-ஜென் தட்டெழுதினார். சரி. சிரிப்பு. இல்லை. சாமியின் கணக்குப்படி பெய்-ஜென் சில நிமிடம் திருடியாகவும் சில நிமிடம் உத்தமியாகவும் இருந்தார். இரண்டையும் ஒரே முகத்தோடு பதிந்துகொண்டார். இயக்குநர் நழுவி மாட்டிறைச்சி சூப் குடித்துவிட்டு வந்தார். அறுபத்தெட்டாவது வீச்சில் ஒரு கட்டை கவிழ்ந்தது. இன்னொன்று சுழன்று, தள்ளாடி, விளிம்பில் செங்குத்தாக நின்றது. நின்றே விட்டது.

தலைமுறைக்கு ஒருமுறை நடந்தால் உண்டு. நிலையம் மொத்தமும் முழங்காலில் விழுந்தது. ஃபாங் கண்ணீரோடு நிமிர்ந்தபோது விசைப்பலகை சத்தம் மட்டும் கேட்டது.

"என்னடி எழுதுற?"

"சரியும் இல்ல, மறுப்பும் இல்ல, சிரிப்பும் இல்ல. விடுபட்ட தரவுன்னு போட்டுட்டேன். அடுத்தது போடுங்க அக்கா."

ஃபாங் கட்டைகளைப் பீடத்தில் வைத்தார்.

"சாமி காட்டின அற்புதத்தையே விடுபட்டதுன்னு எழுதுறவ, ஒரு டிவிக்காகவா பொய் சொல்லியிருக்கப் போற? உனக்கு அந்தச் சாமர்த்தியம் எல்லாம் கிடையாது. நாளைக்கு நீயே குலுக்கித் தொலை."

"விதை எண்?"

"எதையாவது போடு, தாயே!"

"எதையாவதுன்னா எப்படிக்கா? ஒரு வழிமுறை வேணாமா?" என்ற பெய்-ஜென், அந்த எண்ணைத் தற்செயலாக எடுக்கத் தனியாக ஒரு நிரல் எழுத உட்கார்ந்தார். அதற்கும் ஒரு விதை எண் தேவைப்பட்டது.