சொஜ்ஜி கிளறியவர்

யுத்த காலத்தில் பட்டணத்தில் குண்டு விழும் என்ற பயத்தில் அம்மாவையும் என்னையும் கும்பகோணத்துக்கு அனுப்பிவிட்டு, அப்பா ஆபீசுக்காக மயிலாப்பூரிலேயே தனியாக இருந்தார். அந்த மாதங்களில் சமைக்கக் கற்றுக்கொண்டார். நாங்கள் திரும்பி வந்த பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் வாசல் கதவைச் சாத்திவிட்டு அடுப்படிக்குள் நுழைவார். அம்மாவைவிட அவருக்குக் கைமணம் அதிகம்.

என்னைப் பெண் பார்க்க வந்த அன்றும் சொஜ்ஜி கிளறியவர் அவர்தான். அம்மாவே கேட்டுக்கொண்டாள்.

பிள்ளையின் அம்மா ஒரு வாய் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தாள். "சொஜ்ஜி பேஷா இருக்கே. நீ பண்ணினதா?"

அம்மாவின் கை என் முழங்கையை இறுக்கியது. 'ஆமாம்' என்ற ஒரு சொல் போதும். அப்பாவைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லே மாமி, அப்பா பண்ணினது" என்றேன். எனக்கு அதில் பெருமைதான்.

பிள்ளையின் அப்பா தட்டைக் கீழே வைத்தார். "ஓகோ, உங்காத்துல புருஷாதான் சமையலா?" என்று சிரித்தார். பிறகு சொல்லி அனுப்புவதாகச் சொல்லி எழுந்துவிட்டார்கள்.

அம்மா திட்டுவாள் என்று காத்திருந்தேன். கத்தியது அப்பாதான். "நாலு பேர் எதிரே என் மானத்தை வாங்கிட்டியேடி!"

"நன்னாத்தானே அப்பா பண்ணியிருந்தேள்?" என்றேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

வரன் கைவிட்டுப் போனதற்கு நான் அழவில்லை. ஆனால் அதன் பின் அப்பா ஒரு நாளும் சமைக்கவில்லை. அம்மா ஜுரத்தில் படுத்துக் கிடந்தபோதுகூட எங்களுக்கு ஓட்டலிலிருந்துதான் சாப்பாடு வந்தது.