சூசையப்பர் படம் போட்ட போத்தல்

லாசாலில் நான் வேலை செய்த ஃபக்டரியில் கஞ்சாப் பெட்டிகளுக்கு லேபல் ஒட்டினோம். கஞ்சா சட்டப்படி கடைக்கு வந்த புதிதில் கிடைத்த வேலை. எங்கள் ஆட்கள் யாராவது கேட்டால் மருந்துக் கம்பனி என்பேன். அது முழுப் பொய்யும் இல்லை.

பெட்டி அழகாக இருக்கக்கூடாது என்பதுதான் அந்தச் சட்டத்தின் சாரம். பளபளப்பு கூடாது, பழத்தின் படம் கூடாது, பிள்ளைகளின் கண்ணை இழுக்கும் எதுவும் கூடாது. சிவப்பு எண்கோணத்துக்குள் ஓர் இலை, மஞ்சள் கட்டத்துக்குள் எச்சரிக்கை, எல்லாம் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும். மூடியை அழுத்திக்கொண்டே திருப்பினால்தான் திறக்கும். ஒரு லேபல் சரிந்திருந்தாலும் மேற்பார்வையாளர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார். எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. தன்னைப் பற்றி முகத்துக்கு நேரே இவ்வளவு கெட்டதாகச் சொல்லும் பொருளை நான் வேறெங்கும் கண்டதில்லை. மனிதர்களிடம் சுத்தமாகக் கண்டதில்லை.

அந்த வருடம் மச்சாளுக்கு, அதாவது என் அண்ணையின் மனைவிக்கு, புற்றுநோய் முற்றியிருந்தது. கீமோ ஏற்றத் தொடங்கியபின் சோற்றின் மணமே அவருக்கு ஆகவில்லை. டொக்டர் கஞ்சா எண்ணெய் எழுதிக் கொடுத்தார். நாக்கின் கீழ் சில சொட்டு விட்டால் இரண்டு வாய் சாப்பாடு உள்ளே போய்த் தங்கும். விடாவிட்டால் அதுவும் இல்லை.

அண்ணைக்கு இரண்டு கவலை. விரல்கள் மரத்துப்போன மச்சாளால் எண்ணெய்ப் போத்தலிலும் இருந்த அந்த அழுத்து மூடியைத் திறக்க முடியவில்லை. அடிக்கடி வீட்டுக்கு வரும் செபக்குழு அந்த இலைப் படத்தைக் கண்டால் மானம் கப்பலேறிவிடும். இரண்டுக்கும் ஒரே வைத்தியம் கண்டுபிடித்தார். மலைமேலுள்ள கோவிலில் சூசையப்பர் படம் போட்ட சின்னப் போத்தலில் மந்திரித்த எண்ணெய் விற்பார்கள். வருத்தக்காரர் இருக்கும் எங்கள் வேதக்காரர் வீடுகளில் அது இல்லாமல் இராது. அப்படி ஒரு வெறும் போத்தலில் கஞ்சா எண்ணெயை ஊற்றி மச்சாளின் கட்டிலருகே வைத்துவிட்டார்.

"அண்ணை, இது பிழை. ஆரும் மாறி எடுத்தா?" என்றேன்.

"உன்ர ஃபக்டரிச் சட்டத்தை ஃபக்டரியிலை வை. சூசையப்பரை ஆர் சந்தேகப்படப் போகினம்?"

சந்தேகப்படாததுதான் வினையாகப் போயிற்று.

ஒரு சனிக்கிழமை பின்னேரம், கர்க்லாண்டில் அண்ணை வீட்டில், செபக்குழுவினர் கட்டிலைச் சுற்றி நின்று செபமாலை சொன்னார்கள். இளம் தாய் ஒருத்தி ஒரு வயதுப் பிள்ளையோடு வந்திருந்தாள். பிள்ளைகளைப் பகலில் விட்டுவிட்டுப் போகும் கார்டெரியில் தொற்றிய இருமல்; பிள்ளை விடாமல் சிணுங்கியது. செபம் முடிந்ததும் குழுவை நடத்தும் அன்ரி வழக்கம்போல மந்திரித்த எண்ணெய்க்குக் கையை நீட்டினார். எட்டியது அந்தப் போத்தல். மச்சாளின் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டு, நனைந்த விரலோடு பிள்ளையிடம் திரும்பினார்.

"ஆ காட்டுங்கோ குஞ்சு. நாக்கிலை கொஞ்சம் வைச்சா இருமல் பறந்திடும்."

நான் தேத்தண்ணித் தட்டோடு அப்போதுதான் கதவடிக்கு வந்தேன். அண்ணை எனக்கு முன்னால் நின்றார். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு வாயே திறக்காமல் நின்றார்.

"வைக்காதேங்கோ! அது கஞ்சா!"

மச்சாள்தான். நோய் வந்தபின் அவரிடம் அப்படி ஒரு குரல் மிச்சம் இருந்தது எங்களுக்குத் தெரியாது. தாய் பிள்ளையை வெடுக்கென்று பின்னால் இழுத்தாள்.

"எனக்கு டொக்டர் தந்தது, சாப்பிடுறதுக்கு," மச்சாள் மூச்சு வாங்கினார். "பிள்ளையின்ர வாயிலை படேல்லைத்தானே?"

"இல்லை மச்சாள், படேல்லை," என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

தேத்தண்ணியை யாரும் தொடவில்லை. அன்ரி கைலேஞ்சியால் விரலைத் துடைத்துத் துடைத்துக் கொண்டே சப்பாத்தை மாட்டினார். அதற்குப் பிறகு செபக்குழு வரவில்லை. அண்ணை அடுத்து வந்த மருந்தை அதன் மஞ்சள் லேபலோடு அப்படியே கட்டிலருகே வைத்தார். நேரத்துக்கு நேரம் மூடியைத் தானே திறந்து சொட்டு விட்டார். மன்னிப்புக் கேட்டாரா என்று எனக்குத் தெரியாது.

பனி கரைவதற்கு முன் மச்சாள் போய்விட்டார். செத்தவீட்டுக்கு எல்லோரும் வந்தார்கள். எனக்குப் பின்வரிசையில் அந்தத் தாய் பக்கத்தில் இருந்தவளிடம் மெல்லச் சொன்னாள்:

"பாவம். கடைசியிலை கஞ்சாவெல்லாம் பழகியிட்டா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாலு கேள்வி நறுக்கென்று கேட்கத்தான் திரும்பினேன். அவளுடைய மடியில் பிள்ளை இருந்தது. கொழுத்திருந்தது. இருமல் இல்லை. என்னைக் கண்டதும் வாயை அகலத் திறந்து சிரித்தது.

நான் ஒன்றும் கேட்காமல் முன்பக்கம் திரும்பிக்கொண்டேன்.