சேற்றைக் காட்டிப் பெண் கேட்டவன்

போன வாரம் ஐந்து நாள் வெளியூர் போயிருந்தோம். கிளம்பிய அவசரத்தில் இட்லி மாவுப் பாத்திரம் சமையல் மேடையிலேயே தங்கிவிட்டது. திரும்பி வந்து கதவைத் திறந்ததும் மனைவி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலைத் திறக்க ஓடினாள். நானோ கூடத்தின் நடுவில் நின்று மூச்சை ஆழமாக இழுத்துவிட்டுச் சிரித்தேன். "மூக்கு செத்துப்போச்சா உங்களுக்கு?" என்றாள். சாகவில்லை. அது நாற்பது வருடம் பின்னால் போய், ஆரணியில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் நின்றுகொண்டிருந்தது.

எண்பதுகளின் தொடக்கம். ரயிலில் இரண்டு நாள் போகவேண்டிய ஒரு வடக்கத்தி ஊரில் நான் பெட்ரோலியம் இன்ஜினீயரிங் எம்.டெக். படித்துக்கொண்டிருந்தேன். பெரிய லட்சியமெல்லாம் இல்லை. கேட்ட பிரிவு கிடைக்கவில்லை, கிடைத்ததைக் கேட்டதாகச் சொல்லிக்கொண்டேன். ஆரணியில் எண்ணெய் என்றால் கடலை எண்ணெய், பெட்ரோல் என்றால் பஸ் ஸ்டாண்டு பக்கத்து பங்க். என் படிப்பையும் அந்த பங்க்கையும் ஊரே சேர்த்து முடிச்சுப் போட்டுக்கொண்டது.

"பெட்ரோல் அடிக்கிறதுக்கு இன்னாத்துக்குடா ரெண்டு வருஷம் படிக்கணும்? குழாய வண்டில சொருவுனா தானா ஊத்துது" என்றார் எதிர்வீட்டுப் பட்டம்மா அக்கா.

பூமிக்குள் பல ஆயிரம் அடி துளை போட்டு எண்ணெய் எடுப்பதைப் பற்றி நான் அரை மணி நேரம் விளக்கினேன். அக்கா பொறுமையாகக் கேட்டார். "போர் போடறவனா? அத மொதல்லயே சொல்றதுதான?" என்றார். உண்மையைச் சொன்னால், எங்கள் பாடத்திட்டத்தை அவ்வளவு சுருக்கமாக எந்தப் பேராசிரியரும் சொன்னதில்லை.

துளை போடும்போது குழாய் வழியே உள்ளே ஒரு சேற்றைச் செலுத்துவார்கள். உடைந்த கல்லையும் மண்ணையும் மேலே கொண்டுவருவது அதுதான். துளையின் சுவரில் பூச்சு மாதிரி படிந்து, தண்ணீர் கசிந்து போகாமல் தடுப்பதும் அதுதான். அந்தச் சேற்றில் மாவுச்சத்து கலந்தால் கசிவு குறையும். வெளிநாட்டில் சோளமாவு போடுகிறார்கள், நம்மிடம் அரிசி இருக்கிறதே, போட்டால் என்ன? இதுதான் என் ஆய்வு. என் கைடு ஒரு வங்காளி. சிரிக்கவே தெரியாதவர். "இந்தப் பருவத்துக்குள் முடிவு வரவில்லையென்றால் இன்னொரு வருடம் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கும்" என்றார். அதைவிடக் கொடிய மிரட்டலை நான் கேட்டதில்லை.

அந்த நேரம் பார்த்து மாணவர்கள் ஸ்டிரைக் செய்ய, கல்லூரியைக் காலவரையின்றி மூடிவிட்டார்கள். நான் ஒரு மூட்டை களிமண்தூளையும் ஒரு அளவுப் புனலையும் ரயிலேற்றி ஆரணிக்கு வந்து சேர்ந்தேன்.  மறுநாள் அம்மா அந்த மூட்டையிலிருந்து ஒரு கை அள்ளிப் பித்தளைக் குடம் தேய்த்துப் பார்த்துவிட்டு, "படிப்பு நல்லாதான்டா கீது, பளபளன்னு ஆவுது" என்றாள்.

களம்பூர் ரைஸ்மில்லிலிருந்து நொய் வாங்கி வந்தேன். கஞ்சி காய்ச்சி, களிமண்ணோடு கரைத்து, பின்கட்டில் ஒரு தகர டிரம்மில் ஊற்றிவைத்தேன். சேறு எத்தனை விநாடியில் புனலிலிருந்து இறங்குகிறது என்று கடிகாரத்தை வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும். கெட்டியாக இருந்தால் மெதுவாக இறங்கும். முதல் நாள் அருமையாக இறங்கியது. மூன்றாம் நாள் தண்ணீர் மாதிரி ஓடியது. நான்காம் நாள் தெருவே எங்கள் வாசலுக்கு வந்துவிட்டது.

"உங்க வூட்ல எலி கிலி செத்துச்சா, இல்ல யாராச்சும் செத்துட்டாங்களா?" என்றார் பட்டம்மா அக்கா. "சோறு எறங்கல. ஒரே பேஜாரா கீது."

எங்கள் அப்பாவை நைனா என்போம். பட்டு நெய்கிறவர். தறியிலிருந்து எழுந்து வந்து டிரம்மில் இரண்டு விரலை விட்டுத் தேய்த்துப் பார்த்தார். "கஞ்சி வுட்டுப்போச்சு, பசையே இல்ல" என்று சொல்லிவிட்டு, மறுபடி தறிக்குப் போய்விட்டார். என்ன படிக்கிறாய், எதற்காக என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. அது எனக்குக் கொஞ்சம் உறுத்தல்தான்.

அதே நான்காம் நாள்தான் தேவிகாபுரத்திலிருந்து ஒரு குடும்பம் வந்து இறங்கியது. வெளிப்பேச்சுக்குப் பட்டுச்சேலை எடுக்க. உள்நோக்கம் மாப்பிள்ளை வீட்டைப் பார்க்க. அப்பா, அம்மா, கூடவே பெண்ணும். சேலை எடுக்கிற சாக்கில் அவளே வந்திருந்தாள். வசந்தா. விலங்கியலில் பி.எஸ்சி. முடித்தவள்.

பெண்ணின் அப்பா வாசற்படியிலேயே துண்டை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார். துண்டுக்குள்ளிருந்தே, "தம்பி பங்க்கு எந்த ஊர்ல வெக்கப்போறாரு?" என்று விசாரித்தார். அம்மா காப்பியைக் கொடுத்துச் சமாளிக்கப் பார்த்தாள். என் புத்தி இருக்கிறதே, அது அப்போதுதான் வேலை செய்ய ஆரம்பித்தது. நாற்றத்துக்குக் காரணம் அறிவியல் என்று தெரிந்தால் மரியாதை கூடும் என்று நினைத்து, "வாங்க, காட்டறேன்" என்று மூவரையும் பின்கட்டுக்கு அழைத்துப் போனேன்.

பெரியவர்கள் இருவரும் கிணற்றடியோடு நின்றுவிட்டார்கள். வசந்தா மட்டும் நேராக வந்து டிரம்முக்குள் எட்டிப் பார்த்தாள்.

"இன்னா போட்டீங்க இதுல?"

"அரிசிக் கஞ்சிங்க."

"எத்தினி நாளாச்சு?"

"நாலு நாளு."

"அப்புறம் புளிக்காம இன்னா பண்ணும்? கொஞ்சம் ஃபார்மலின் ஊத்தக்கூடாதா? எங்க காலேஜில தவளைய வருஷக்கணக்கா வெச்சுகினு இருந்தோம், நாறுச்சா?"

எம்.டெக். தானும் டிரம்முக்குள் எட்டிப் பார்த்தது. அந்த ஒரு நிமிடத்தில் எனக்கு ஆய்வும் முடிந்துவிட்டது, கல்யாணமும் முடிந்துவிட்டது என்று தோன்றியது. ஆய்வு விஷயத்தில் சரியாகத்தான் தோன்றியிருந்தது.

தெரிந்த பள்ளிக்கூட ஆய்வகத்தில் கெஞ்சி ஒரு புட்டி ஃபார்மலின் வாங்கி வந்தேன். புதிதாகக் கஞ்சி காய்ச்சிக் கலந்து ஊற்றினேன். நாற்றம் நின்றது. பதிலாக எல்லோருக்கும் கண் எரிந்தது. மூக்கைப் பிடித்திருந்தவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து திட்டினார்கள். ஆனால் நான்காம் நாளும் சேறு முதல் நாள் மாதிரியே இறங்கியது. ஆறாம் நாளும்.

குதித்துக்கொண்டு உள்ளே ஓடினேன். அங்கே தேவிகாபுரத்துக் கல்யாணத் தரகர் உட்கார்ந்திருந்தார். "பொண்ணுக்கு இஷ்டமில்லையாங்க. புள்ள நல்லவருதான், ஆனா நாலு நாளு நாத்தத்துல ஒக்காந்துகினு ஏன் நாறுதுன்னு யோசிக்காதவரு எனக்கு வேணாம்னுச்சாம்."

இன்றுவரை என் ஆய்வைப் பற்றி வந்த விமர்சனங்களில் அதுதான் கூர்மையானது. அம்மாவோ, "சேத்த காட்டிப் பொண்ணு கேட்டவன நா பாத்ததே இல்லடா" என்று தலையில் அடித்துக்கொண்டாள். நான் சிரித்தேன். ஆனால் அதன் பிறகு கொஞ்ச நாள், தேவிகாபுரம் பஸ்ஸைப் பார்த்தால் மட்டும் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன்.

கல்லூரி திறந்தது. என் கண்டுபிடிப்பைக் கைடிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் அலமாரியிலிருந்து பாடப்புத்தகத்தை எடுத்து, ஒரு பக்கத்தைப் பிரித்து வைத்தார். மாவுச்சத்துச் சேற்றில் கிருமிக்கொல்லி கலந்தே ஆகவேண்டும் என்று அச்சடித்திருந்தது. "இந்தப் பக்கத்தை யார் உனக்குப் படித்துக் காட்டியது?" என்று கேட்டார். வசந்தா கதையைச் சொன்னேன். அன்றுதான் அவருக்குச் சிரிக்கத் தெரியும் என்பது எனக்குத் தெரிந்தது.

ஆய்வேட்டின் நன்றியுரையில் 'தேவிகாபுரத்து விலங்கியல் நிபுணருக்கு' என்று ஒரு வரி எழுதினேன். வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர், "தேவிகாபுரத்தில் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறதா?" என்று கேட்டார். "இருக்கிறது, சார்" என்றேன். பாஸ் போட்டார்கள்.

பட்டத்தோடு ஊருக்கு வந்தபோது, ஆய்வேட்டுக்காக வரைந்து மிஞ்சிய கிராஃப் தாள்களைக் கூடத்தில் போட்டிருந்தேன். நைனா ஒரு தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். கஞ்சி கூடக்கூட நீர்க்கசிவு எப்படிக் குறைகிறது என்று காட்டும் கோடு அது. மேலேயிருந்து சரேலென்று இறங்கி, அப்புறம் அலுங்காமல் படுத்துக்கொள்ளும்.

"இது இன்னாடா?"

முதல்முறையாகக் கேட்டார். சொன்னேன். எவ்வளவு புரிந்ததோ தெரியாது.

"வளைவு நல்லாருக்குது. பார்டருக்கு ஆவும்" என்றார்.

மடித்து எடுத்துக்கொண்டு போய், தறிக்கு டிசைன் அட்டையில் துளை அடிக்கிறவரிடம் கொடுத்துவிட்டார். அடுத்த மாதம் அந்த வளைவு அலையலையாய் ஓடும் பார்டரோடு, அரக்குச் சிவப்பில் இரண்டு சேலை நெய்தார். இரண்டையும் நெய்த வேகத்தில் கடைக்காரர் எடுத்துப் போய்விட்டார். ஒன்றை வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. நைனாதான் இருக்கிறாரே, எப்போது வேண்டுமானாலும் நெய்வார் என்று இருந்துவிட்டோம்.

நைனா போய்ப் பல வருடம் ஆகிவிட்டது. அந்த அட்டைகளை ஏதோ ஒரு பொங்கலுக்கு வீட்டைச் சுத்தம் செய்தபோது எரித்துவிட்டார்கள். கல்லூரி நூலகத்தில் கேட்டால், பழைய ஆய்வேடுகளையெல்லாம் கழித்துவிட்டோம் என்கிறார்கள். இப்போது கல்யாண வீடுகளில் வயதான பெண்கள் பழைய பட்டில் வந்தால் நான் பார்டரையே உற்றுப் பார்க்கிறேன். மனைவி இடிக்கிறாள். இதுவரை கண்ணில் படவில்லை.