சித்தூர் – வட்டவடை: மூன்றைத் தாண்டாத முள்

பிடிக்காத எண் ஒன்று வந்தால், முதலில் ஏன் அளக்கும் கருவியைச் சந்தேகிக்கிறோம்? கல்லூரியில் புள்ளியியல் கற்பிக்கும் எனக்கும் பதில் தெரியாது.

என் கார் பதினெட்டு வருடம் பழையது. எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் சூப்பர்சார்ஜர் உள்ளது. எனக்கென்று நான் வாங்கிய ஒரே பெரிய பொருள் இதுதான். கோயம்புத்தூர் மெக்கானிக், சூப்பர்சார்ஜர் போய்விட்டது, உதிரி கிடைக்காது என்றார். பழைய கார்களைப் பிரித்து விற்பவர் ஒருவர் திங்கட்கிழமை வருவதாக ஏற்பாடு. அதற்குள் ஒரு எண்ணைப் பார்த்துவிட நினைத்தேன். நல்ல நிலையில் அழுத்தம் எட்டு பிஎஸ்ஐ இருக்க வேண்டும். வந்தால் காரை விற்க மாட்டேன்.

இந்த அழுத்தத்தைக் காட்டும் பூஸ்ட் மீட்டர் 2,400 ரூபாய். பாலக்காட்டுப் பக்கம் சித்தூரில் பட்டறை வைத்திருக்கும் ரங்கசாமி 600 ரூபாய் கூலிக்கு மாட்டித் தந்தார். எஞ்சினிலிருந்து வரும் ரப்பர் குழாயை வெட்டி, ‘டீ’ என்னும் மூன்று வாய்ப் பிளாஸ்டிக் இணைப்பு ஒன்றை வைத்து, மீட்டருக்குக் கிளை எடுத்தார்.

“ஏத்தத்துல மிதிச்சாத்தானுங்க டீச்சர் முள்ளு மேல போகும். மட்டத்துல வண்டிக்கு என்னுங்க வேலை?”

சாதாரணமாக இப்படிப்பட்ட பேச்சை நான் நம்ப மாட்டேன். இதை நம்பினேன்.

சனிக்கிழமை காலை 5.40க்குக் கிளம்பினேன். பொள்ளாச்சி, உடுமலை, மறையூர், மூணாறு வழியாக வட்டவடை, சுமார் 190 கிலோமீட்டர். பொள்ளாச்சி தாண்டிய நேர்சாலையில் ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தேன். மூன்று. மட்டம்தானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். மறையூருக்கு மேலே தேயிலைச் சரிவில், 11.20க்கு, முள் பூஜ்ஜியத்தில் விழுந்தது. வண்டி உதறியது. மூணாறில் டீ குடிக்க நிறுத்தியபோது இறங்கவே மனமில்லை. மீதி 45 கிலோமீட்டரை இரண்டாவது கியரிலேயே உருட்டி, மூன்று மணிக்கு வட்டவடை சேர்ந்தேன். எல்லாம் முடிந்தது என்றே நினைத்தேன்.

தங்குமிட வாசலில் ஜீப் ஓட்டுநர் முருகன் பானட்டைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“என்னக்கா, எஞ்சினுக்குச் சொட்டுநீர்ப் பாசனமா? இதே டீதான் எங்க பூண்டுத் தோட்டத்துல கிடக்கு.”

உண்மைதான். சூட்டில் இளகி, டீயின் ஒரு கால் குழாயிலிருந்து கழன்றிருந்தது. ரங்கசாமிக்குத் தொலைபேசினேன்.

“நம்ம தோப்புல அதே டீ ஆறு வருசமா ஒரு சொட்டு ஒழுகலீங்களே டீச்சர்!”

“தோப்பு கொதிக்காதுங்க, ரங்கசாமி.”

முருகன் பித்தளை டீ போட்டு இரண்டு கிளிப் முறுக்கினார். நூற்றைம்பது ரூபாய். வண்டி நின்றபடி எஞ்சின் மட்டும் ஓடும்போது முள் பூஜ்ஜியத்துக்குக் கீழே இறங்கி நிற்க வேண்டும், இறங்கியது. அதற்குள் மூடுபனி இறங்கிவிட்டதால், மிதித்துப் பார்ப்பதை மறுநாளைக்குத் தள்ளினேன். அன்றைக்கு மட்டும் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை இருந்தது. அதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

இப்படிப் போகிறவர்களுக்கு: உலோக டீயும் கிளிப்பும் கேட்டு வாங்குங்கள். வண்டி நின்றபடி எஞ்சின் ஓடும்போதே முள் பூஜ்ஜியத்தில் இருந்தால், சூப்பர்சார்ஜரைப் பழிக்கும் முன் குழாயைப் பாருங்கள். அரை மணி நேரம் ஓட்டிச் சூடேறிய பிறகு இன்னொரு முறை பாருங்கள். உயரத்தில் காற்று மெலிது, எண் கொஞ்சம் குறையும். அதனால் சமவெளியில் வரும் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். வந்த எண் பிடிக்கவில்லை என்பதற்காக மலை ஏறாதீர்கள்.

மறுநாள் காலை 7.15க்குக் கிளம்பினேன். டாப் ஸ்டேஷன் ஏற்றத்தில் முழுதாக மிதித்தேன்: இரண்டரை. மலை இறங்கி, உடுமலை தாண்டி, சனிக்கிழமை போன அதே நேர்சாலையில்: மூன்று. திரும்பவும் மிதித்தேன். மூன்று.

சித்தூரில் ரங்கசாமி பட்டறை வாசலிலேயே நின்றிருந்தார்.

“எத்தனைங்க டீச்சர்?”

“மூணு.”

விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். “எட்டுக்கு மூணுன்னா, நூத்துக்கு முப்பத்தேழு. உங்க காலேஜ்ல பாஸுங்களா?”

“நாற்பது வேணுங்க.”

நான் பிரித்து விற்பவரை அழைத்து, நாளை பத்து மணிக்கே வரலாம் என்றேன்.